கத்தரி இலையைத் தைத்தது யார்? தையல்சிட்டு பற்றிக் கேள்வி பதில்

உப்புவெளியில் இருந்து: அண்ணா, விடியவே கிணற்றடியில் ஒரு குருவி 'டுவிட் டுவிட்' என்று விடாமல் கத்துது. சத்தத்தைக் கேட்டுப் பெரிய பறவை என்று தேடினேன், காணவில்லை.

தையல்சிட்டுத்தான் தங்கச்சி. வாலோடு சேர்த்தே 13 சென்ரிமீற்றர்தான் வரும், நிறை 10 கிராமுக்குள். மரத்து உச்சியை விட்டுவிட்டு இடுப்பளவு பற்றைக்குள் பாருங்கள். நெற்றி செம்பழுப்பு, முதுகு இலைப்பச்சை, வயிறு மங்கல் வெள்ளை, வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கொப்புக்குக் கொப்பு தாவும். கத்தும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு திட்டுத் தெரியும்.

தம்பலகாமத்தில் இருந்து: கூடு கட்ட இலையை உண்மையாகவே ஊசி நூல் மாதிரித் தைக்குமா?

தைக்கும். போன வருசம் எங்கள் குசினிக்குப் பின்னால் நின்ற கத்தரிச் செடியில் நானே இருந்து பார்த்தேன். பெட்டைதான் தைத்தது. இலையின் ஓரத்தில் சொண்டால் குத்தி, சிலந்தி நூலையோ பஞ்சையோ அந்த ஓட்டைக்குள்ளால் இழுத்துவிடுகிறது. முடிச்செல்லாம் போடாது, ஆனால் வெளியே வந்த நுனி விரிந்து உருண்டு நின்றுவிடுவதால் நூல் கழராது. ஓட்டை அவ்வளவு சின்னது என்பதால் இலை வாடாமல் பச்சையாகவே நிற்கும், அதனால்தான் அடுத்த செடியில் காய் பிடுங்கும்போதுகூட உள்ளே பஞ்சு மெத்தையில் முட்டை கிடப்பது நமக்குத் தெரிவதில்லை. இதன் அறிவியல் பெயரில் உள்ள 'சுட்டோரியஸ்' லத்தீனில் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது.

கிண்ணியாவில் இருந்து: கூடு இருக்கிற கத்தரிக்கு மருந்தடிக்கலாமா அண்ணன்?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. அந்தச் செடியையும் சுற்றி நிற்கிறதையும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமை. தாயும் தகப்பனும் நாள் முழுக்கப் புழுவும் பூச்சியும் பிடித்து ஊட்டும், அதில் உங்கள் கத்தரிப் புழுவும் அடக்கம். மருந்து பட்ட புழு நேரே குஞ்சின் வாய்க்குத்தான் போகும்.

சீனக்குடாவில் இருந்து: படம் எடுக்க இலையைக் கொஞ்சம் விரித்தேன். கை மணம் பட்டால் தாய் வராதாமே?

மணத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் அங்கேயே நின்றால் அது வராது. முதலில் தூர விலகுங்கள். இலையை இனித் தொடவே வேண்டாம், தையல் பிரிந்தால் கூடு சரிந்துவிடும். நீங்கள் அடிக்கடி போய் வந்தால் காகமும் பூனையும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

நிலாவெளியில் இருந்து: ஒன்றுக்கு மட்டும் வால் நீளம். வேறு இனமா?

இல்லை, அதுதான் சேவல். கூடு கட்டும் காலத்தில் நடு இறகு இரண்டும் நீண்டுவிடும்.

மூதூரில் இருந்து: வளவைத் துப்புரவாக்கிய பிறகு எங்கள் பக்கம் காணவே இல்லை.

ஒளிய இடமில்லை அக்கா, அதுதான். கூட்டித் துடைத்த மண்ணில் அதற்கு என்ன வேலை? கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற மூலையில் ஒரு கொய்யாவும் நாலு கத்தரியும் வையுங்கள், கீழே முளைக்கிற பற்றையை வெட்டாதீர்கள்.