கிரியேட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலை வேண்டாமா?

பத்து வருஷமாக பிரஷர் இருக்கிறது, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் அளப்பது) நார்மலாகவே வருகிறது, சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

வருஷா வருஷம் ரத்தம் கொடுப்பார். கிரியேட்டினின் 1.0, 1.1 என்றே வரும். பிரஷர் மட்டும் 158/72 பக்கத்திலேயே நிற்கும். "கீழ் பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டு வலிக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டர் ஃபைலைப் புரட்டினார். 158-லிருந்து 72-ஐக் கழித்து, ஓரத்தில் 86 என்று பென்சிலால் எழுதினார். "இந்த வயசுல இடைவெளி 60-ஐத் தாண்டினாலே ரத்தக்குழாய் விறைச்சிருக்குன்னு சந்தேகப்படணும். யூரின்ல ஆல்புமின் பார்த்தீங்களா?" என்றார். ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். அதை யூரினில் பார்த்ததே இல்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இளவயதில் ரப்பர் போல விரிந்து கொடுக்கும். ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தானே வாங்கிக்கொண்டு ரத்தத்தைச் சீராக அனுப்பும். வயதும் பிரஷரும் சேர்ந்து அதை விறைக்க வைத்துவிட்டால், அந்த அடி அப்படியே உள்ளே போகிறது. சிறுநீரகம்தான் அதில் அதிகம் படுகிறது. ஏனென்றால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது; போகும் வழியில் தடையும் குறைவு. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. அவை அடி தாங்காமல் கசியத் தொடங்கும்போது ஆல்புமின் சிறுநீரில் இறங்குகிறது. கிரியேட்டினின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறுவதற்குள் பாதி வேலைத்திறனே போயிருக்கலாம்.

சோதனை எளிது. காலையில் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்து, ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று கேளுங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. அப்பாவுக்கு 140 வந்தது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இது கூடும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி பார்த்தே உறுதி செய்தார்கள்.

பிரஷர் மாத்திரையை டெல்மிசார்டனுக்கு மாற்றினார் டாக்டர். மூட்டு வலிக்கு அப்பா கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக்கை, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அன்றே நிறுத்தச் சொன்னார். அப்புறம் உப்பு. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் விட அப்பா பட்ட பாடு பெரிது. ஆறு மாதத்தில் 140 என்பது 62 ஆனது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தச் சோதனையை எழுதி வாங்குங்கள். கூடவே சர்க்கரையும் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.