பதினோரு கோர்ஸ், ஒரு அம்மாச்சி

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன் மேடம். பயாலஜி-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம். கோடை விடுமுறையில் யூடியூபில் ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர், கட்டுப்பாட்டை இழந்த டிராம் வண்டியை வைத்துக் கேள்வி கேட்கும் வகுப்பைப் பார்த்தேன். அன்றிலிருந்து தத்துவப் பைத்தியம். இதுவரை பதினோரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்துவிட்டேன், ஒன்றையும் முடிக்கவில்லை. ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. போன வாரம் எங்கள் அம்மாச்சி, "மாமனுக்கு வேலை கெடைச்சதே நான் பழனிக்கு நேர்ந்துக்கிட்டதாலதான்" என்றார். "அது போஸ்ட் ஹாக் ஃபேலசி" என்றேன். வீட்டில் சண்டையாகிவிட்டது. அம்மாச்சி நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. அப்பா, "இதெல்லாம் சோறு போடுமா? நீட்டுக்குப் படி" என்கிறார். பள்ளியில் இருக்கும்போதே ஆன்லைனில் தத்துவம் படிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அம்மாச்சி நான்கு நாளாகப் பேசவில்லை என்றாயே, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். (என் பேத்தி வயது உனக்கு. 'நீ' என்றே எழுதுகிறேன்.)

ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது என்பதற்காக முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. நீ சொன்ன லத்தீன் பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம். இது அம்மாச்சிக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்" என்று அவர் எத்தனை பேரை மடக்கியிருப்பார்! ஊருக்கெல்லாம் அவர் சொல்கிற ஒன்றை, அவருக்குப் புரியாத பாஷையில், எல்லோர் முன்னாலும் அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். கோபம் வராமல் என்ன செய்யும்?

அதைவிட, நீ அங்கே வாதமே செய்யவில்லை. ஒரு பெயரை எடுத்து ஒட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய். இப்படிக் கேட்டிருக்கலாம்: "மாமா வேலையில்லாம இருந்தப்பவும் நேர்ந்துக்கிட்டீங்களா அம்மாச்சி?" அவர், "அப்பவும்தான் நேர்ந்துக்கிட்டேன், முருகன் நேரம் பாத்துக் கொடுத்தான்" என்பார். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கிடைத்தாலும் முருகன், கிடைக்காவிட்டாலும் முருகன் என்றால், என்ன நடந்திருந்தால் அம்மாச்சி தன் பேச்சை மாற்றிக்கொள்வார்? அப்படி எதுவுமே இல்லையென்றால் அவர் சொல்வது எந்த வகைக் கூற்று? அதைப் பொய்யென்று தள்ள முடியுமா, இல்லை அது வேறு ஏதோ ஒரு வகைப் பேச்சா? நன்றி சொல்வது மாதிரி? அவர் உன்னைத் திருப்பிக் கேட்கவும் செய்வார்: "பரீச்சைக்கு அதே பேனாவத் தேடுறியே, அது என்னவாம்?" அதற்கும் உன்னிடம் பதில் வேண்டும்.

நானும் இந்த வேலையைச் செய்தவள்தான். பி.ஏ. தத்துவம் முதலாண்டு. ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய என் அப்பா, "சர்க்கரை வரலையாம், உண்மையோ பொய்யோ" என்றார். "உண்மைன்னா என்னன்னு மொதல்ல வரையறை பண்ணுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையை என் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்.

இனி உன் பதினோரு கோர்ஸ். நீ பார்த்தது மைக்கேல் சாண்டல் நடத்தும் 'ஜஸ்டிஸ்' வகுப்பாகத்தான் இருக்கும். 12 பகுதிகள், முழுக்க இலவசம். வண்டி நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர் சாவார், திருப்புவாயா என்பது அந்தக் கேள்வி. 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி வேறொரு சிக்கலைப் பற்றி எழுதும்போது உதாரணமாகச் சொன்னது அது. பாலத்து மேலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டு ஐவரைக் காப்பாற்றலாமா என்ற அடுத்த திருகலைப் பிற்பாடு சேர்த்தவர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். அந்த வகுப்பில் யாருக்கு வியர்க்கிறது என்று கவனித்தாயா? சாண்டலுக்கு வியர்க்கவில்லை. "ஐந்து உயிர் ஒன்றைவிடப் பெரிது" என்று கெட்டியாகச் சொன்ன மாணவர்களை, "அப்படியானால் பாலத்திலிருந்து தள்ளுவாயா, ஏன் மாட்டாய்?" என்று அவர் கேட்கும்போது அவர்கள் முகம் மாறுகிறதே, பாடம் அங்கேதான் இருக்கிறது. நீயும் நானும் கடலை கொறித்துக்கொண்டு பார்க்கிறோம். நம்மை யாரும் எழுப்பி நிறுத்துவதில்லை.

ஆன்லைனில் தத்துவம் படிப்பதில் உள்ள ஒரே பெரிய ஓட்டை இதுதான். கணக்கு தப்பினால் விடை தப்பு என்று தெரிந்துவிடும். தத்துவத்தில் "புரிகிறது, புரிகிறது" என்று தலையாட்டியபடியே நாற்பது மணி நேரம் கேட்டுவிடலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2006இலிருந்து முழுக்க ஆன்லைனிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்துகிறது. அங்கே தத்துவம் கட்டாயப் பாடம். அவர்களும் வீடியோவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. சின்னச் சின்ன வகுப்பாகப் பிரித்து நேரலையில் பேச வைக்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டால் உன் அப்பாவுக்குத் தலை சுற்றும், அது நமக்கு வேண்டாம். அந்த முறையை மட்டும் திருடிக்கொள்வோம்.

எப்படி? சாண்டல் கேள்வி கேட்டதும் வீடியோவை நிறுத்து. உன் பதிலையும் காரணத்தையும் மூன்று வரி எழுது. மனசுக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் வராது, நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஓடவிடு. யாராவது உன் காரணத்தையே சொல்லி மாட்டிக்கொண்டால், எழுதியதை அடிக்காமல் பக்கத்திலேயே திருத்தி எழுது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பகுதிக்கு இப்படி இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். மற்ற பத்து கோர்ஸையும் இன்று ராத்திரியே விட்டுவிடு. சான்றிதழ் போகிறதே என்று யோசிக்காதே, அதை இப்போது யாரும் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

ஆங்கிலம் பாதிதான் புரிகிறது என்கிறாய். நல்லது, பாதியைத் தமிழில் படி. மணிமேகலையில் வஞ்சி மாநகருக்குப் போகிறாள் ஒரு பெண், ஏறக்குறைய உன்னைப் போல. சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்க வேண்டும் அவளுக்கு. "இளையள் வளையோள்" என்று உன்னிடம் யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ என்று அவளுக்கு அறிவுரை கிடைக்கிறது. சின்னப் பெண்தானே என்று தள்ளிவிடுவார்களாம்! அவளும் தவசி வடிவில் போய்க் கேட்கிறாள். அதுதான் 27ஆவது காதை, 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை'. இணையத்தில் நீ கேள்வி கேட்டால் உன் வயது யாருக்கும் தெரியாது அல்லவா, அவளுடைய வேடம் உனக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது.

அந்தக் காதையில் முதலில் பேசுகிறவன் அளவைவாதி. ஒன்றை உண்மை என்று எப்படி அறிகிறோம்? அதற்குப் பத்து வழி சொல்கிறான்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உவமம் (ஒப்பிட்டு அறிவது), ஆகமம் (நூல் சொல்வது) என்று போகிறது பட்டியல். கடைசியாக வருகிற பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர மற்றதை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறான். இவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? ஒரே கேள்விதான். அதுவரை மற்ற எல்லோரையும் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள் என்பதையும் பார். 29ஆம் காதையில் அவளுடைய குருவான பௌத்தத் துறவி அறவண அடிகள் தர்க்கமே கற்றுக்கொடுக்கிறார். இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்தாதலால், அடுக்களை போல். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்). பிறகு இவை ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் பழுதாகும் என்று போலிகளை அடுக்குகிறார். நீ அம்மாச்சி மேல் எறிந்த 'ஃபேலசி'க்கு நம்மிடம் இருந்த சொல் 'போலி'. மூலம் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடும் கிடைக்கும். கடைசிக் காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரையைத் தேடிப் படி. உரையில்லாமல் இறங்காதே, நானே மூழ்கியிருக்கிறேன்.

ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு சின்ன நூல் போதும்: பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ'. ஜோவெட் மொழிபெயர்ப்பு குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். யூதிஃப்ரோ என்பவன் தன் அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்திருக்கிறான். அவர்களிடம் கூலிக்கு இருந்த ஒருவன் குடிபோதையில் ஓர் அடிமையைக் கொன்றுவிட, அப்பா அவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டுவர ஆளனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போனான். அப்பா மேல் வழக்குப் போடுவதுதான் தெய்வத்துக்கு உகந்தது என்பதில் மகனுக்குத் துளி சந்தேகமில்லை. சாக்ரடீஸ் விடுவாரா? தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா என்று பிடித்துக்கொள்கிறார். கடைசியில் யூதிஃப்ரோ, அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிடுகிறான்.

இதை நாளுக்கு ஐந்து வரி தமிழில் பெயர்த்து எழுது. ஜோவெட்டின் ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலம், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிடிக்கட்டும், மெதுவாகப் போக அதுவே உதவும். அவர் 'பயட்டி' என்று போடுகிற இடத்தில் நீ என்ன போடுவாய்? பக்தியா, புனிதமா, அறமா? பக்தி என்றால் சாக்ரடீஸின் கேள்வி ஒரு மாதிரி ஒலிக்கும், அறம் என்றால் வேறு மாதிரி. எதைப் போடுவது என்று அரை மணி நேரம் திண்டாடினாயானால், அன்றைக்கு நீ தத்துவம் படித்தாய்.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இருக்கிறது, 1995இலிருந்து இலவசம், பேராசிரியர்கள் எழுதுவது. கட்டுரைகள் நீளம். முன்னுரைப் பத்தியோடு நிறுத்திக்கொள், உள்ளே போனால் கல்லூரிக்காரர்களே திணறுவார்கள். பின்னால் டேக்கார்ட், ஹியூம் மாதிரி ஐரோப்பியத் தத்துவவாதிகள் பக்கம் போனால், ஜோனதன் பென்னட் அந்தப் பழைய நூல்களை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதி வைத்திருக்கும் 'ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' தளத்துக்குப் போ.

ஏஐயிடம் கேட்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். சுருக்கம் கேட்காதே. யார் என்ன சொன்னார் என்றும் கேட்காதே, இல்லாத மேற்கோளைக்கூட அழகாகக் கட்டித் தந்துவிடும். நீ எழுதிய வாதத்தைக் கொடுத்து, "இதை உடைத்துக் காட்டு" என்று மட்டும் கேள். அதுவும் நீ கொஞ்சம் அழுத்திப் பேசினால் "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்று வழிந்துவிடுகிற எதிராளி. அம்மாச்சி அப்படி வழியமாட்டார்.

அப்பா கேட்டதற்கு வருகிறேன். சோறு போடுமா என்பது நியாயமான கேள்வி, அதைக் கிண்டல் செய்யாதே. உனக்கு இது ரொம்ப சீக்கிரம் என்று அவர் சொன்னால், புதுச்சேரியில் 'லிசே' என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் இறுதியாண்டுப் பிள்ளைகள் 4 மணி நேரம் உட்கார்ந்து தத்துவத் தேர்வு எழுதுவதைச் சொல். படித்தால் என்ன ஆகலாம் என்றால், சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி மாதிரி இடங்களில் தத்துவத் துறை இருக்கிறது; யுபிஎஸ்சி தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம்; சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் தர்க்கத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேடிப் போனவர்கூட இல்லை. வீட்டில் பணமுடை, படித்து முடித்த உறவினர் ஒருவர் கொடுத்த பழைய பாடப்புத்தகங்கள் தத்துவப் புத்தகங்களாக இருந்தன, அதையே எடுத்தார் என்று சொல்வார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் கேள்: சனிக்கிழமை இரண்டு, மிச்சத்தை மற்ற நாளில் பிரித்துக்கொள். மிட்-டெர்மில் மார்க் குறைந்தால் நிறுத்திவிடுகிறேன் என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. எந்தப் படிப்பு என்கிற முடிவை எடுக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, அந்தச் சண்டையை இப்போதே இழுக்காதே.

முதல் வேலை, இன்று சாயங்காலம் அம்மாச்சிக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். மன்னிப்புக் கேட்டால் போதும், விளக்கம் வேண்டாம். பிறகு பழனிக்கு நேர்ந்துகொண்ட கதையை முழுதாகக் கேள், நடுவில் பேசாதே. ராத்திரி நோட்டை எடுத்து, அவர் பக்கத்து வாதத்தை அவரே படித்தாலும் "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று சொல்லும்படி ஒரு பக்கம் எழுது. உன் மறுப்பு அடுத்த பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டையும் கிழித்து இதழ் முகவரிக்கே எனக்கு அனுப்பு. சிவப்பு மையில் திருப்பி அனுப்புகிறேன்.