19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் தோன்றிய இம்ப்ரெஷனிச பாணி ஓவியங்களில் வேலை செய்யும் பெண்களே இல்லையா?

இருக்கிறார்கள். படகுச் சவாரி, பூங்கா, நடனம் என்று பிரபலமான படங்களையே பார்த்துப் பழகியதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பலரும் உடனே சொல்வது தெகா வரைந்த இஸ்திரி போடும் பெண்களை. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள படத்தில் ஒருத்தி இரு கைகளாலும் பெட்டியை அழுத்துகிறாள். பக்கத்தில் நிற்பவள் கையில் பாட்டிலோடு கொட்டாவி விடுகிறாள். ஆனால் அது சலவைக்கூலி வேலை. வீட்டுக்குள் என்றால், பிஸ்ஸாரோ 1882இல் வரைந்த, சாப்பாட்டு அறையைப் பெருக்கும் பணிப்பெண் இருக்கிறாள்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பாணியின் பெண் ஓவியர் பெர்த் மொரிஸோவின் படம். 1878இல் மகள் ஜூலி பிறந்ததும், பால் கொடுக்கச் சம்பளத்துக்கு ஒரு செவிலித்தாயை வைத்துக்கொண்டார். வசதியான பிரெஞ்சுக் குடும்பங்களில் அப்போது அது சாதாரணம். அந்தப் பெண் ஜூலிக்குப் பால் கொடுப்பதையே வரைந்தார். முதல் பார்வைக்குத் தாயும் சேயும் போலத் தெரியும். உண்மையில் இருவரும் வேலையில் இருக்கிறார்கள்: இவள் கூலிக்குப் பால் தருகிறாள், பெற்றவள் எதிரே தூரிகையோடு. அவசரத் தீற்றல்களில் செவிலியின் முகம் சரியாகத் தெரியாது. வெள்ளை உடை பச்சைப் பின்னணிக்குள் கரைகிறது. கூலிக்காரிதானே என்ற அலட்சியமா? சரி, அப்படிச் சொல்லலாம். ஆனால் மகளையும் அப்படித்தான் தீற்றியிருக்கிறார்.