முதலில் 150 ரூபாய் வந்தது: ஆன்லைன் வேலை மோசடி, கேள்வி பதில்

வங்கிக் கிளையில் 27 வருடம் வேலை பார்த்தேன். கடைசி சில வருடங்கள் மோசடிப் புகார்கள் என் மேசைக்குத்தான் வரும். இன்று வேலை மோசடி மட்டும் கேளுங்கள். லோன் ஆப், பங்குச்சந்தை இன்னொரு நாள்.

சேலம், பெயர் வேண்டாம்: டெலிகிராமில் ஓட்டல்களுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்றார்கள். மூன்று போட்டேன், 150 வந்தது. 2,000 கட்டினேன், 2,800 வந்தது. இப்போது 48,000 கட்டிவிட்டேன். ‘டாஸ்க்கில் தப்பு, இன்னும் 72,000 கட்டினால்தான் மொத்தமும் எடுக்க முடியும்’ என்கிறார்கள். கட்டி எடுத்துவிடலாமா மேடம்?

கட்டாதீங்க தம்பி. மீதியைப் பிறகு படிக்கலாம், இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

பேசியாயிற்றா? அந்த 150-ம் 2,800-ம் பெரும்பாலும் உங்களைப் போல இன்னொருவர் கட்டிய பணம். திரையில் தெரியும் ‘உங்கள் பேலன்ஸ்’ அவர்கள் தட்டச்சு செய்த வெறும் எண். குரூப்பில் ‘எனக்கு வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் அவர்களுடைய ஆட்கள்.

ஒரு பையன் என் எதிரே உட்கார்ந்திருந்தான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தான். அது அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பான்: ‘இன்னும் 20 நிமிடம்’, ‘இன்னும் 12 நிமிடம்’. வங்கிக்குள் இருந்தும் அவன் கை பணம் கட்டத்தான் துடித்தது. அந்தக் கெடு உங்களை யோசிக்க விடாமல் இருக்க வைத்தது, அவ்வளவுதான்.

1930-ல் புகார் பதிவானால் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும், அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். பணம் சில மணி நேரத்தில் கணக்கு மாறி கணக்கு போய்விடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யுபிஐ எண், தேதி, தொகை, யாருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியுங்கள்.

கவிதா, மதுரை: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. ஆதார் அனுப்பி, ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்துப் போட்டேன். இப்போது ‘நீ செய்த வேலையில் 90 சதவீதம் சரியில்லை, 6,800 கட்டு, இல்லையென்றால் கேஸ்’ என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

பயப்படாதீங்கம்மா, ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். நீதிமன்ற சம்மன் வேறு, கைது வேறு. ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அதுவும் நீதிமன்றத்தில்தான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. நோட்டீஸை பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

ராஜேஷ்: லேப்டாப் டெபாசிட் 1,500 கேட்கிறார்கள், கட்டலாமா?

வேண்டாம்.

திருப்பூர் மாணவன்: சம்பளம் பிரிக்க என் அக்கவுன்ட்டைக் கொடுத்தால் மாதம் 10,000 தருகிறார்களாம்.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: கணக்கை வாடகைக்கு விடாதே. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொண்டு போவார்கள். சேலம் தம்பியின் 48,000 உன் பெயரில் வந்து இறங்கும். போலீஸ் முதலில் தட்டுவது உன் வீட்டுக் கதவை.

முருகன் (குறுக்கே): மேடம், தெரியாமல் கொடுத்த ஏழைப் பையனைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா? பெரிய ஆள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

பெரிய ஆளைப் பிடிக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வேலையும் இல்லாமல் மாதம் 10,000 வரும்போது ‘ஏன்’ என்று கேட்காததை முழுக்கத் தெரியாமை என்று என்னால் சொல்ல முடியாது.

முருகன்: என் மாமா டீக்கடை. யாரோ யுபிஐ-யில் 300 போட்டான், அது மோசடிப் பணமாம், கணக்கே முடங்கிவிட்டது. அவர் என்ன ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்?

இங்கே உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். டீக்கு வாங்கிய காசும் வாடகைக்கு விட்ட கணக்கும் ஒன்றல்ல. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்கத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. எந்த ஊர் சைபர் காவல் நிலையத்தின் புகார், புகார் எண் என்ன என்று கிளையில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கடை உரிமம், அன்றைய விற்பனைக் கணக்கு இரண்டையும் வைத்து அந்த நிலையத்துக்கு மனு போட வேண்டும். 300 ரூபாய்க்காக ஒரு குடும்பம் பால் வாங்கக் காசில்லாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

நாகை: தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’, 80,000 சம்பளம், ஏஜென்ட் 1.5 லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட்டாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம்.

போகாதீர்கள். பாங்காக்கில் இறங்கியதும் காரில் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டுக்குக் கூட்டிப் போய், மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் ஆட்களை அடைத்து வைத்த கதை இது. 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். உள்ளே கொடுக்கும் வேலை, சேலம் தம்பிக்கு வந்த மாதிரி செய்தி அனுப்புவது. அனுப்ப மறுத்தால் அடி. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000-ம் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பிரியா: டெலிகிராமில் ரிவ்யூ வேலை, உண்மையா?
சதீஷ்: யூடியூப் லைக் வேலை உண்மையா?
அனு: கூகுள் மேப் ரேட்டிங்…

மூவரும் முதல் பதிலைப் படியுங்கள். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள், புதிதாகக் கேட்பவருக்கு நேரம் வேண்டும்.

விருதுநகர் அப்பா: ரயில்வேயில் ஆள் இருக்கிறது, 6 லட்சம் கொடுத்தால் டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வேலை, டெல்லியில் டிரெயினிங்கும் உண்டு என்கிறார்கள். நிலத்தை விற்றுக் கொடுக்கலாமா?

ஐயா, 2022-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை இப்படித்தான் டெல்லிக்குக் கூட்டிப்போனார்கள். புது டெல்லி ரயில் நிலையத்தில் ஒரு மாதம், தினம் எட்டு மணி நேரம், வந்து போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ண வைத்தார்கள். அதுதான் பயிற்சி என்று நம்பினார்கள். மொத்தம் 2.67 கோடி போயிற்று. நிலத்தை விற்காதீர்கள்.

ஹரி: இழந்த பணத்தை மீட்டுத் தரும் ஹேக்கர் 4,000 கேட்கிறார்.

அதுவும் அதே கும்பலின் வேலையாக இருக்கும். தராதீர்கள்.

சேலம் (மறுபடி): பேசிவிட்டேன் மேடம். ஒப்புகை எண் வந்துவிட்டது. 72,000 கட்டவில்லை. வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. அது அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம்.

நல்லது செய்தீர்கள் தம்பி. இன்றைக்கே அக்காவிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு இருவருமாக அப்பாவிடம். தனியாக வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்காராதீர்கள். நாளைக் காலை கிளை திறந்ததும் ஒப்புகை எண்ணும் அந்தத் தாளும் கையில் இருக்கட்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.