ஆஞ்சியோவில் இல்லை, எம்ஆர்ஐயில் இருக்கிறது: எது சரி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். போன மாதம் 26 வயது மகனுக்கு முதல்முறையாக வலிப்பு வந்தது. கையில் சாவியைக் கொடுத்தோம், நின்றது. தர்மபுரியில் எடுத்த எம்ஆர்ஐயில் நெற்றிப் பக்க மூளையில் ஒரு 'கேவர்னோமா' என்றார்கள். பெங்களூரில் ஆஞ்சியோகிராம் எடுத்தால் ஒன்றுமே இல்லை. எந்த ஸ்கேன் தப்பு? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: இரண்டும் சரிதான் ஐயா. ஆஞ்சியோ, ஓடுகிற ரத்தத்தைப் படம்பிடிப்பது. கேவர்னோமாவில் ரத்தம் கிட்டத்தட்ட தேங்கியே கிடக்கும். சாய மருந்து உள்ளே போய்ச் சேராது. சுவர் மெலிந்த நுண்குழாய்கள் கொத்தாகப் பிதுங்கிய கட்டி இது. பாடப் புத்தகங்கள் இதை மல்பெரிப் பழத்துக்குத்தான் ஒப்பிடும். வெட்டாமல் விட்ட கிளையில் கறுத்துத் தொங்குமே, அதே மாதிரி. தமனி நேராகச் சிரையில் கொட்டும் ஏவிஎம் என்றால் ஆஞ்சியோ பளிச்சென்று காட்டியிருக்கும். அது இல்லையென்று தெரிந்ததால் செலவு வீணில்லை.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பழத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். சிறுகச் சிறுகக் கசிந்த ரத்தம் விட்டுப்போன இரும்பு அது. பக்கத்து மூளையை உறுத்தி வலிப்பை வரவழைப்பதும் அதுதான். உள்ளே இருக்கும் இரும்பே போதும், கையில் வேறு எதற்கு? பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். சாவிக்குத்தான் பேர் கிடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

ஆபரேஷனுக்கு அவசரமில்லை. சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கேவர்னோமா உண்டு, பலருக்குத் தெரியாமலே. பெரிய கசிவு நேராத, மூளைத்தண்டில் இல்லாத கட்டி என்றால், அடுத்த 5 ஆண்டில் கசிவது 100 பேரில் சுமார் 4 பேருக்குத்தான். மாத்திரைக்கு வலிப்பு அடங்காவிட்டால், அல்லது கசிவு வந்தால், எடுப்பதைப் பற்றிப் பேசலாம். கட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் பரம்பரையா என்று வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும்.

மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. கிணற்றடி, மரம் ஏறுவது, பைக் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். அப்புறம் தூக்கம்: புழு கடைசிப் பருவத்தில் இருக்கும்போது ராத்திரி இலை போடும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். திடீரென்று கடும் தலைவலி, கைகால் தளர்ச்சி என்றால் உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், எம்ஆர்ஐ சிடியையும் கையோடு கொண்டுபோங்கள்.