எவ்வளவு சொன்னாலும் அப்பா சிகரெட்டை விடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் சிகரெட்டைத் தொடவில்லை. அப்புறம் மறுபடி ஆரம்பித்துவிட்டார். "முன்ன மாதிரி ஒரு பாக்கெட்டா? நாளைக்கு மூணுதான்" என்கிறார். நுரையீரல் படங்கள், வீடியோக்கள் என எல்லாம் காட்டிவிட்டேன். அழுதேன், சண்டையும் போட்டேன். இப்போது எங்களுக்குத் தெரியாமல் பிடிக்கிறார். இப்படிப்பட்டவர்களை மாற்ற ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: அந்த 'மூணுதான்' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான கணக்கு இது. நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கை குறைந்தால் அபாயமும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். இதயத்தில் அப்படிக் குறைவதில்லை. மறுபக்கம், இதயநோய் வந்த பிறகு புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட மரண அபாயம் சுமார் 36% குறைவாக இருந்ததை 2003-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே நீங்கள் பதறுவதில் தவறே இல்லை.

ஆனால் இந்த எண்களை எடுத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போகாதீர்கள். மாரடைப்பு வந்து படுத்து எழுந்தவருக்குப் புகை கெடுதல் என்று இனிமேல்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்தும் பிடிக்கிறார். விடவும் ஆசை, பிடிக்கவும் ஆசை. இரண்டும் அவருக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் 'விடு' என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினால், அவருக்கு மிஞ்சுவது எதிர்ப்பக்கம் மட்டும்தான். 'மூணுதானே', 'எனக்குத் தெரிஞ்சவர் எண்பது வயசு வரைக்கும் பிடிச்சார்' என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகிறோம். தன் வாயால் சொன்னதை மனிதன் நம்பத் தொடங்கிவிடுவான்.

இது வெறும் ஊகமல்ல. 1985-இல் ஜெரால்ட் பேட்டர்சனும் மரியன் ஃபோர்காட்சும் செய்த சோதனையில், ஒரே சிகிச்சையாளர் ஒரே அமர்வுக்குள் தன் பாணியை மாற்றி மாற்றிப் பேசினார். அறிவுரையும் கண்டிப்பும் கூடியபோது எதிரில் இருந்தவரின் எதிர்ப்பு ஏறியது; பாணியை மாற்றியதும் இறங்கியது. பிடிவாதம் அந்த ஆளின் குணம் என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு நாம் பேசுகிற முறையிலிருந்து வருகிறது. 1993-இல் வில்லியம் மில்லரின் குழு, அளவுக்கு மீறிக் குடிப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவு எதிர்த்துப் பேசினாரோ அந்த அளவுக்கு, ஒரு வருடம் கழித்து அவர்கள் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதே மில்லர் 1983-இல் முன்வைத்ததுதான் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற முறை. பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் சேர்ந்து அதை விரிவாக்கினார். பழக்கத்தை விடுவதற்கான காரணங்களை நாம் அடுக்காமல், அவரே சொல்லும்படி கேட்பது. சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேச விடுவது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். சொந்த அப்பாவிடம் செய்வது கஷ்டம், ஏனென்றால் நமக்குப் பயம். பயம் வந்தால் வாய் அறிவுரைக்குத்தான் போகும்.

சண்டை இல்லாத ஒரு நேரத்தில் இப்படி ஆரம்பிக்கலாம்: "அப்பா, நான் திட்ட வரல. சிகரெட் பிடிச்சா உங்களுக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க." விசித்திரமான கேள்வி என்று அவருக்கே படும். "மனசு கொஞ்சம் லேசாகும்மா" என்பார். உடனே "அதுக்கு வேற வழியே இல்லையா?" என்று பாய வேண்டாம். "அந்த அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்குன்னு இருக்கு, இல்ல?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு, "பிடிக்காதது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். "மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஒளிஞ்சு பிடிக்கிறதும் எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று சொன்னார் என்று வையுங்கள். 'பார்த்தீர்களா, நான் அப்பவே சொன்னேன்' என்று நாக்கு நுனி வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "ஒரு மாதிரின்னா?" என்று மட்டும் கேளுங்கள்.

மருத்துவ ஆலோசனையில் நான் அடிக்கடி பயன்படுத்தும் கேள்வி ஒன்று உண்டு. சிகரெட்டை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை? அவர் 'நாலு' என்றால் 'ஏன் பத்து இல்லை?' என்று கேட்கக் கூடாது. 'ஏன் ஒண்ணு இல்லாம நாலு?' என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு அவர் சாக்குச் சொல்வார். இரண்டாவதற்கு விடுவதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சரி, இப்படிப் பேசினால் விட்டுவிடுவாரா? பேச்சு மட்டும் போதாது. புகை விஷயத்தில் இந்த முறையைத் தனியாகப் பயன்படுத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் உறுதியான பெரிய பலன் தெரியவில்லை. வீட்டாருக்கு 'இப்படி ஆதரவு கொடுங்கள்' என்று பயிற்சி அளித்த ஆய்வுகளிலும் விடுபவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. குடும்பத்தால் தெளிவாகச் செய்ய முடிந்தது, பழக்கம் உள்ளவரைச் சிகிச்சை வரை கொண்டுவந்து சேர்ப்பது. சிகிச்சைக்கே வர மறுத்த குடிகாரர்களின் உறவினர் 130 பேரை வைத்து 1999-இல் ஓர் ஆய்வு நடந்தது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நேருக்கு நேர் எச்சரிக்கும் முறையைக் கற்ற குடும்பங்களில் 30% பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். சண்டை இல்லாமல் பேசவும், அவர் குடிக்காத நேரத்தை இனிமையாக்கவும், குடியின் விளைவுகளைத் தாங்கள் மூடி மறைக்காமல் இருக்கவும் கற்ற குடும்பங்களில் 64% பேர் வந்தார்கள். அது குடியைப் பற்றிய ஆய்வு, அப்படியே சிகரெட்டுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்கள் வேலை எது என்று அது காட்டுகிறது. அப்பாவை மருத்துவர் முன் உட்கார வையுங்கள். மிச்சத்துக்கு மருந்தும் திட்டமும் இருக்கின்றன.

மருத்துவரின் சொல் சின்ன விஷயமல்ல. லண்டனில் 1979-இல் மைக்கேல் ரஸ்ஸல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிக்கும் நோயாளிகளிடம் குடும்ப மருத்துவர் ஓரிரு நிமிடம் 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, 'மறுபடி விசாரிப்பேன்' என்றும் சொன்னார். ஒரு வருடம் கழித்து அவர்களில் 5.1% பேர் புகையை விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3% பேர். ஐந்து சதவீதம்தானா என்று தோன்றலாம். இரண்டு நிமிடப் பேச்சுக்கு அது நல்ல விளைச்சல்தான்.

மருந்து சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். நிகோடின் பேட்ச், சூயிங்கம் போன்றவை விடும் வாய்ப்பை ஐம்பது, அறுபது சதவீதம் வரை உயர்த்துகின்றன. நாள் முழுக்க ஒட்டியிருக்கும் பேட்சும், ஆசை எழும்போது மெல்லும் கம்மும் சேர்ந்தால் ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட மேல். வரெனிக்லின் மாத்திரையும் தனி பேட்சைவிட வலுவானது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் பேட்ச், புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை இரண்டையும் அது முந்தியது. 'இதயநோயாளிக்கு நிகோடினா?' என்று பலர் பயப்படுகிறார்கள். சிகரெட்டில் வரும் கார்பன் மோனாக்சைடும் புகையின் மற்ற நச்சுகளும் பேட்சில் கிடையாது. இதயநோயாளிகளிடமே பேட்சைச் சோதித்துப் பார்த்ததில் ஆபத்து கூடவில்லை. ஆனாலும் மாரடைப்பு வந்து அதிக நாள் ஆகாததால், எது, எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை அவருடைய இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் தேவைப்படும்.

'படிப்படியாகக் குறைக்கிறேன்' என்று அப்பா சொல்லக்கூடும். 697 பேரை வைத்து இதையும் சோதித்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நிகோடின் மருந்து கொடுத்து, ஒரு தரப்பை இரண்டு வாரத்தில் குறைக்கச் சொன்னார்கள். மற்றத் தரப்பை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து குறைத்தவர்களில் 15.5%, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22% பேர் புகையில்லாமல் இருந்தார்கள். ஒரு தேதி குறித்து அன்றே நிறுத்துவதுதான் என் பரிந்துரை. அதற்காக 'நாள் பார்த்து, மனம் தயாரான பிறகு' என்று தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. மனிதர்கள் படிப்படியான கட்டங்களைக் கடந்துதான் மாறுகிறார்கள் என்ற புரோசாஸ்கா, டிகிளெமென்டேயின் கோட்பாடு பயிற்சி வகுப்புகளில் இன்றும் பிரபலம். கட்டத்துக்கு ஏற்ப ஆலோசனை சொல்வதால் கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2006-இல் வந்த ஓர் ஆய்வில், விட முயன்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் எந்தத் திட்டமும் இல்லாமல் சட்டென்று நிறுத்தியவர்கள். அவர்கள்தான் கூடுதலாக நிலைத்தும் நின்றார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து "இன்னியோட விட்டுடறேன்" என்றால், "மருந்து வாங்கிட்டு திங்கள்கிழமை ஆரம்பிக்கலாம்" என்று நீங்கள் தடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த மூன்று வாரம். நிகோடின் இல்லாமல் உடல் படும் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதில் கடினமான பகுதியை அப்பா ஏற்கெனவே கடந்தவர். மறுபடி ஆரம்பித்தது உடம்பின் வேதனையால் என்பதைவிட, பழைய இடங்களும் பழைய நேரங்களும் திரும்பி வந்ததால் இருக்கலாம். "அந்த மூணு வாரம் எப்படிப்பா சமாளிச்சீங்க? முதல் சிகரெட் எங்க, யாரோட இருந்தப்ப?" என்று குற்றம் சாட்டாமல் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் திட்டம் இருக்கிறது.

திட்டம் என்றால் 'இனி பிடிக்க மாட்டேன்' என்ற சபதம் அல்ல. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை 'இது நடந்தால், அதைச் செய்வேன்' என்ற வடிவில் வைக்கச் சொல்கிறார். 94 சோதனைகளைச் சேர்த்த 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் இந்த எளிய வடிவத்துக்கு நல்ல பலன் இருந்தது. "சாப்பிட்டு முடிச்சதும் கை தேடினா, உடனே எழுந்து பல் தேய்ப்பேன்." "நண்பர் நீட்டினா, 'டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்'னு சொல்லிட்டு வெளியே போவேன்." வாசகத்தை அவரே உருவாக்க வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு அறிவுரை. லைட்டர், ஆஷ்ட்ரே, சட்டைப்பையில் மிச்சமிருக்கும் பாக்கெட் எல்லாம் முதல் நாளே, அவர் கையாலேயே வெளியே போகட்டும்.

நடுவில் ஒரு நாள் ஒன்று பிடித்துவிட்டால்? ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை நிறைய ஆராய்ந்தார். அந்த ஒரு சிகரெட்டைவிட, 'அவ்வளவுதான், என்னால் முடியாது' என்ற எண்ணம்தான் ஆளைப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது என்றார். வீட்டில் ஒரு பெரிய காட்சி நடந்தால் அந்த எண்ணத்துக்கு நாமே சாட்சி சொன்னது போலாகும். அதற்காக 'ஒண்ணுதானே' என்று தட்டிக் கொடுக்கவும் கூடாது. ஒன்று பலமுறை முழுதாகத் திரும்புவதில் முடிகிறது. "சரிப்பா, அடுத்தது வேண்டாம். எங்க நடந்தது?" என்று கேட்டுத் திட்டத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

சட்டையை முகர்ந்து பார்ப்பது, பையைச் சோதிப்பது, இவற்றை நிறுத்திவிடுங்கள். ஒளித்துப் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம். ஆராய்ச்சியாளர்கள்கூட வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை, மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள். அந்த அளவை மருத்துவமனையில் எடுக்கட்டும். புகையை நிறுத்திய ஓரிரு நாளில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பலருக்கு உற்சாகம் தரும். வீட்டுக்குள் யாரும் பிடிக்கக் கூடாது என்ற விதியை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். அது உங்கள் நுரையீரலைப் பற்றியது, அவரை மாற்றுவதற்கான தந்திரம் அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

நிறுத்திய பிறகு இரண்டு விஷயங்கள் அவரைக் குழப்பலாம். முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை ஏறும். அப்புறம், புகை உடலில் கஃபீனை வேகமாகக் கரைத்துவந்தது. அது நின்றதும் வழக்கமாகக் குடிக்கும் அதே காபி கூடுதல் படபடப்பைத் தரும். அதை 'சிகரெட் இல்லாததால் வந்த கோளாறு' என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறவர்கள் உண்டு. முதல் சில வாரங்கள் காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மாரடைப்புக்குப் பிறகு அப்பா முன்பு போலப் பேசுகிறாரா, தூங்குகிறாரா, பிடித்தமான வேலைகளில் ஆர்வம் காட்டுகிறாரா? மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது இருந்தால் புகையை விடுவதும் கடினம், இதய மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவதும் கடினம். அப்படித் தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் புகைக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தர முடியும்.