லத்தீனை விடச் சொல்லாதீர்கள்

ஹரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் லத்தீனுக்கு அதியுயர் தரமான 9 எடுத்திருக்கிறாள், அடுத்த இரண்டு வருட ஏ-லெவலிலும் அதைத் தொடர ஆசை. பெரியப்பாவும் மாமிமாரும் "கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுக்கட்டும், டொக்டராகட்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம்.

தங்கச்சி, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் கெமிஸ்ட்ரியில் துளியும் மனமில்லாத பிள்ளையை மெடிசினுக்குத் தள்ளாதீர்கள். இங்கே மெடிசினுக்கு இடம் கிடைக்காவிட்டால் பல்கேரியாவில் போய்ப் படிக்கட்டும் என்கிறாராம் பெரியப்பா. கட்டணத்தை அவர் கட்டப்போவதில்லை. அதற்காக வீட்டை ஈடு வைக்கவே கூடாது.

லத்தீன் படித்தால் டீச்சராகலாம், சட்டத்துக்கும் போகலாம், அதெல்லாம் தெரிந்ததுதான். நம்மவர்கள் பேசாத வழி, பழைய பதிவுகளைப் பாதுகாத்து வாசித்துத் தரும் ஆவணக்காப்பக வேலை. மன்னரில்லாமல் ஆண்ட கிராம்வெல் காலத்துச் சில வருடங்களை விட்டால், இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவுகள் 1733 வரை பெரும்பாலும் லத்தீன்தான். நிலப்பிரபுவின் நீதிமன்றத்துத் தோல் சுருளில், ஒரு குடியானவர் செத்தார், மகன் பணம் கட்டி நிலத்தை எடுத்தான் என்று எழுதியிருப்பார்கள், தேதிக்குப் பதில் எட்டாம் ஹென்றியின் பன்னிரண்டாம் வருடம், இன்ன பெருநாளுக்கு அடுத்த செவ்வாய் என்று இருக்கும். எழுத்தர் தோலை மிச்சம் பிடிக்கச் சொற்களை வெட்டுவார்: p எழுத்தின் வாலில் குறுக்கே கோடு போட்டால் 'பெர்', தலைக்கு மேல் போட்டால் 'பிரே'. சொல்லின் கடைசி விகுதியே பல இடத்தில் இருக்காது, வேற்றுமை தெரிந்தவர்தான் நிரப்ப முடியும். ஜிசிஎஸ்இ இலக்கணம் அதற்குக் காணாது. ஏ-லெவலில் பழைய ரோம எழுத்தாளர்கள் லிவியையும் ஓவிட்டையும் முன்பு பார்க்காத பகுதியிலிருந்து மொழிபெயர்க்க வைக்கிறார்களே, அந்தப் பயிற்சிதான் இங்கே கைகொடுக்கும்.

இப்போதைக்கு ஒரு பென்ஸும் செலவழிக்க வேண்டாம். லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் நேஷனல் ஆர்கைவ்ஸ் என்ற அரச ஆவணக்காப்பகம், தொடக்கநிலை லத்தீன், அதற்கு மேல்நிலை, பழைய கையெழுத்து வாசிப்பு மூன்றையும் இணையத்தில் இலவசமாகக் கற்றுத் தருகிறது. கோடை விடுமுறையில் மேல்நிலைப் பாடத்தை அவளாகவே முடிக்கிறாளா பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து விரட்டக் கூடாது. முடித்தால் ஆசை உண்மையானது.

அப்புறம் வரலாறோ, கிளாசிக்ஸ் எனும் பண்டைய கிரேக்க ரோமப் படிப்போ பட்டம், அதன்மேல் ஆவணக்காப்பகப் படிப்பு. லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்திலோ லிவர்பூலிலோ நேரில் படிக்கலாம். ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் என்றால் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிக்கலாம், செலவைப் பார்த்தால் நான் சொல்வது டண்டிதான். சம்பளம் டொக்டர் சம்பளம் அல்ல, இடங்களும் குறைவு, அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். முதல் பட்டத்துக்கு அரசுக் கடன் போதும்: இப்போதைய விதிப்படி வருடம் 25,000 பவுண்ஸுக்கு மேல் உழைக்கும் தொகையில்தான் 9 வீதம் பிடிப்பார்கள்.

ஏ-லெவல் படிவத்தில் லத்தீன், வரலாறு, மூன்றாவது அவள் விருப்பம். பெரியப்பாவிடம் அவளைப் பேச விடாமல், நீங்களே பேசுங்கள்.